மலையா மதிலா

அந்தக் குடியிருப்பில் அவரை எல்லோரும் லிஃப்ட்காரர் என்றுதான் சொல்வார்கள். ஊரில் உள்ள லிஃப்டுகளையெல்லாம் சோதித்து, ஓடலாம், ஓடக்கூடாது என்று சான்றிதழ் கொடுக்கும் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். மேகத்தில் தலை இடிக்கிற கட்டடங்களின் உச்சிக்கெல்லாம் போய் வந்தவர்தான். ஒரு படிகூட ஏறாமல். தான் ஏறி இறங்கிய உயரத்தைக் கூட்டினால் நிலாவுக்கு நாலு தடவை போய்வந்த கணக்கு வரும் என்பார். யாரும் கூட்டிப் பார்த்ததில்லை. கால்கள் இரண்டும் கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரியே புதுக்கருக்கு அழியாமல் இருப்பதாக அவருக்கு ஒரு பெருமை. வருஷக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திவைத்த வண்டியும் அப்படித்தான் பளபளக்கும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

இப்படிப்பட்டவர் மலையேறக் கிளம்பியதற்கு அவருடைய வாய்தான் காரணம். காலையில் பூங்காவில் நடக்கிற கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி இருந்த பட்டாளத்தார், ஒரு வார மலைப்பயணத்துக்கு ஆள் சேர்த்தார். "மலையெல்லாம் நமக்குத் தண்ணி பட்ட பாடு," என்று லிஃப்ட்காரர் சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்காமல், இளம் வயதில் சிகரத்தில் கரடியைச் சந்தித்த கதையையும் எடுத்துவிட்டார். முதல் தடவை சொன்னபோது கரடி எதிர் மலையில் நின்றது. மூன்றாவது தடவை அவர் தோளில் கை போட்டிருந்தது. அந்தச் சிகரத்துக்கு அவர் ரோப் கார் என்கிற கம்பி வண்டியில் போனார் என்பதும், போனதே அந்த வண்டியைச் சோதிக்கத்தான் என்பதும் கதையில் வரவில்லை.

அவர் மனைவி எலும்பு வார்டில் நர்ஸாக நின்றே காலத்தைக் கழித்தவர். இவருக்கு லீவு கிடைத்தால் அவருக்கு டியூட்டி, அவருக்குக் கிடைத்தால் இவர் ஏதாவது ஒரு கட்டடத்தின் தலையில். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் சேர்ந்து போன வெளியூரெல்லாம் மற்றவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனதுதான். அந்த அம்மாவுக்குப் பார்க்க வேண்டும் என்றிருந்தது ஒரே ஒரு இடம். சுற்றிலும் மதில் எழுப்பிய பழைய நகரம். அதன் படம் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி ஒட்டி, பெட்டியே இரண்டு முறை மாறிவிட்டது. இப்போது இருவரும் ஓய்வு பெற்றாகிவிட்டது. ரயிலுக்கும் அறைக்கும் ஏற்பாடு செய்த பிறகுதான் தெரிந்தது, மலைப்பயணமும் அதே வாரம் என்று.

"ஏங்க, மலை அங்கேயேதான் இருக்கும். எங்க எழுந்து போயிடப் போகுது?"

"மதில் மட்டும் நகருதா? ஆயிரம் வருஷமா அங்கேயேதானே நிக்குது."

"இன்னொரு ஆயிரம் வருஷம் அதுக்கு இருக்கு. எனக்கு இருக்கா?"

லிஃப்ட்காரர் தண்ணீர் எடுக்கக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தார்.

"ரெண்டு இடம் போட்டிருக்கேன்," என்றார் அந்த அம்மா. "ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு யாருக்குன்னு ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள டிராவல்ஸுக்குச் சொல்லணும். நீங்க வரலைன்னா அக்கா வர்றேங்கறா."

அக்கா குறை சொல்வதில் கைதேர்ந்தவர். சூரிய உதயத்தைக் காட்டினால் கொஞ்சம் தாமதம் என்பார். அவரோடு ஒரு வாரம் போவதென்றால் என்ன என்று வீட்டில் இருவருக்கும் தெரியும். அப்படியும் லிஃப்ட்காரரின் வாக்கு பூங்காவில் அடகாகிக் கிடந்தது. மீட்க வழியில்லை.

ஆகவே பயிற்சியைத் தொடங்கினார். முதுகுப் பையில் பழைய இரும்புச் சாமான்களைத் திணித்துக்கொண்டு, தினமும் காலையில் தரைத்தளத்து வீட்டிலிருந்து ஒன்பதாம் மாடி வரை படியில் ஏறினார். அவர் விட்ட மூச்சில் வழியெல்லாம் காயப்போட்டிருந்த துணிகள் வெயிலுக்குக் காத்திராமல் உலர்ந்தன. உச்சியில் வெற்றி வீரராக ஒரு நிமிஷம் நிற்பார். பிறகு லிஃப்டில் இறங்கி வருவார். இறங்குவதற்கு எதற்குப் பயிற்சி? ஆள் நிறைந்த பெட்டி இறங்கும்போது மோட்டாருக்குச் சிரமமே கிடையாது என்பது அவர் தொழிலில் அரிச்சுவடி. மனிதனுக்கும் அதே விதிதான் என்று முடிவு கட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமையும் ஏறினார். உச்சியில் நின்று வியர்வையைத் துடைக்கும்போது லிஃப்ட் கீழே இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. அதில் ஒரு கரகரப்பு. மற்றவர் காதில் விழாது. அவர் காதுக்கு அது யானை பிளிறுவது மாதிரி. சும்மா இருக்க முடியுமா? பராமரிப்பு நிறுவனத்துக்குப் போன் போட்டார்.

"கயிறு உரசுது. இப்பவே நிறுத்துங்க."

"சாயங்காலம் ஆள் அனுப்பறோம் சார்."

"சாயங்காலமா? ஓய்வு பெற்றாலும் நான் நான்தான். இந்த நிமிஷம் நிறுத்தணும்."

குரலை அடையாளம் கண்டுகொண்டு, கீழே காவலாளியிடம் சொல்லி உடனே நிறுத்திவிட்டார்கள். ஒரு கட்டடத்தையே காப்பாற்றிய திருப்தியோடு லிஃப்ட்காரர் பையைச் சரிசெய்துகொண்டு, கதவருகே போய்ப் பொத்தானை அழுத்தினார். விளக்கு எரியவில்லை. இன்னொரு முறை அழுத்தினார். பிறகுதான் மெல்ல விஷயம் புரிந்தது.

சரி, இறங்குவதுதானே என்று காலை வைத்தார். ஒன்பதுக்கும் எட்டுக்கும் பாதி வழியிலேயே முழங்கால்கள் இரண்டும் தங்களுக்குள் வேறு ஏதோ பேசிக்கொள்ள ஆரம்பித்தன. எட்டாம் மாடிக்கு வந்தபோது தொடை நடுங்கிய நடுக்கத்தில் பைக்குள் இருந்த இரும்பெல்லாம் கச்சேரி நடத்தியது. படியிலேயே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கௌரவத்தோடு யோசித்துவிட்டு, மனைவிக்குப் போன் செய்தார்.

"எட்டாவது மாடியில ஒரு சின்ன ஆய்வு. நீ கொஞ்சம் வர்றியா?"

"லிஃப்ட் ஓடலையே."

"தெரியும்."

"யாரு நிறுத்தினது?"

"யாராவது பொறுப்பான ஆளா இருக்கும்."

அந்த அம்மா எட்டு மாடியும் ஏறி வந்தார். வாசல்வரை வந்து பால் வாங்கிப் போகிறவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது முகம். முழங்காலை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார்.

"தினமும் எப்படி இறங்கினீங்க?"

"லிஃப்ட்ல."

மனைவியும் படியில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது. "மலை உச்சியில லிஃப்ட் இருக்கா?"

"இன்னும் சர்டிஃபிகேட் ஆகலை."

"எழுந்திருங்க. பையை இப்படிக் குடுங்க. படியைப் பார்த்துத் திரும்பிக்குங்க, பின்பக்கமாவே இறங்குங்க. கைப்பிடியை விட்டுடாதீங்க."

கட்டிலிலிருந்து குழந்தை இறங்குகிற மாதிரி, ஒவ்வொரு காலாகத் துழாவி எட்டு மாடியையும் இறங்கினார் லிஃப்ட்காரர். கீழ்ப்படியில் நின்று, "ம், அடுத்தது," என்று சொல்லிக்கொண்டே வந்தார் மனைவி. எதிரே ஏறி வந்தவர்கள் வணக்கம் சொன்னார்கள். அவர் முதுகால் வாங்கிக்கொண்டார்.

வீட்டில் முழங்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு பூங்காக் கூட்டத்தின் வாட்ஸ்அப்பைத் திறந்தார். நெஞ்சை உருக்கும் விதமாக எழுதினார்: 'வீட்டம்மாவுக்கு உடல்நிலை சரியில்லை. அவருக்காக மலையைத் தியாகம் செய்கிறேன்.' தியாகம் என்ற சொல் வந்ததும் அவருக்கே கண் கலங்கியது. கண்ணாடியைத் துடைக்கத் துணி கேட்டார். துணியோடு வந்த மனைவி தோளுக்கு மேலாகப் படித்துவிட்டார்.

"எட்டு மாடி ஏறி வந்தவளுக்கா உடம்பு சரியில்லை?"

"சும்மா ஒரு மரியாதைக்கு..."

"யாரு மரியாதைக்கு?" குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அங்க ஒவ்வொரு மதில் முன்னாலயும், எனக்காக நீங்க மலையை விட்டுக்குடுத்த கதையை நான் கேட்டுக்கிட்டு நிக்கணுமா? வேண்டாங்க. நான் அக்காவோடயே போறேன். அவ மதிலைத்தான் குறை சொல்லுவா."

தன் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். அக்காவின் எண்ணைத் தேடுகிறார் என்பது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

லிஃப்ட்காரர் எழுதியதை அழித்தார். உண்மையை எழுதுவது பழக்கமில்லாத வேலை. இரண்டாவது வரியிலேயே மூச்சு வாங்கியது. கம்பி வண்டியைச் சொன்னார். லிஃப்டில் இறங்கியதைச் சொன்னார். தானே போன் போட்டுத் தன்னையே மேலே பூட்டிக்கொண்டதைச் சொன்னார். மனைவி ஏறி வந்து தன்னை முதுகுப்பக்கமாக இறக்கியதைச் சொன்னார். சொல்லச் சொல்லக் கைக்குச் சூடு பிடித்தது. தன்னைப் புகழ்வதைவிடத் தன்னைக் கிண்டல் செய்வதில் இத்தனை சரக்கு இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்றிருந்தது. அனுப்பிவிட்டு, "ஏம்மா, ஒரு நிமிஷம்," என்றார்.

மனைவி திரும்பி வருவதற்குள் பட்டாளத்தாரின் பதில் வந்துவிட்டது: 'ஐயா, பின்வாங்குவதற்கும் பட்டாளத்தில் பயிற்சி உண்டு. முதுகு முன்னால் போகப் பின்வாங்கியதை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.'

அந்த அம்மா நின்றபடியே எல்லாவற்றையும் படித்தார். உதட்டோரம் துடித்தது, அடக்கிக்கொண்டார்.

"நம்ம பில்டிங்குக்கு ஒன்பது மாடிதானே. இருபத்தேழுன்னு போட்டிருக்கு."

"உக்காந்த எடத்துல இருந்து பார்த்தா அவ்வளவு தெரிஞ்சுது."

"என்னை எது வரைக்கும் ஏற வெச்சிருக்கீங்க?"

"இருபத்தஞ்சு."

"மூச்சு வாங்காம ஏறினேன்னு போடலையே."

"விட்டுப்போச்சு."

"போடுங்க," என்றார் அவர், தன் போனில் வேறொரு எண்ணைத் தேடிக்கொண்டே. "நான் டிராவல்ஸுக்கு உங்க பேரைச் சொல்லிட்டு வர்றேன்."