தலையணைக்கு அடியில் புஷ்பராகம்

பூவராகன் மாமா ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்தாலே எனக்கு ஒரு பரிகாரம் வந்துவிட்டது என்று அர்த்தம். அம்மாவின் அண்ணன். மனசு தங்கம், வாய்தான் ஓயாது. இந்தத் தடவை சிதம்பரத்துக் கடையிலிருந்து கனக புஷ்பராகக் கல் ஒன்றை மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவந்தார்.

"குருபலம் இல்லாமதான் கல்யாணம் தள்ளிக்கினே போவுது, இளமதி. மூணு ராத்திரி தலகாணிக்கு அடியில வெச்சிப் படு. கெட்ட கனா வந்தா கல்லு உனக்கு ஆகாது, கடக்காரரு திருப்பி எடுத்துக்குவாரு. வரலன்னா மோதிரம் பண்ணி ஆள்காட்டி வெரல்ல போட்டுக்க. கல்லோட அடி தோல்ல படணும்."

எனக்கு முப்பத்தாறு வயசு. சிதம்பரத்தில் நிலவியல் படித்தேன். திருப்பாதிரிப்புலியூரில் பள்ளிக்கூட வாத்தியார் வேலை. கல்லைப் பற்றி எனக்குத் தெரியாதா? பூமிக்கு அடியில் சூட்டிலும் அழுத்தத்திலும் அலுமினியமும் ஆக்சிஜனும் இறுகிப்போன சமாச்சாரம். துளி இரும்பு சேர்ந்ததால் மஞ்சள். வைரத்துக்கு அடுத்தபடி கெட்டி. கோடிக்கணக்கான வருஷம் சும்மா கிடந்திருக்கிறது, ஒருத்தரும் வந்து 'இன்னுமா ஆகல?' என்று கேட்கவில்லை. கொடுத்துவைத்த கல்.

இதையெல்லாம் மாமாவிடம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஆலங்குடிக்குப் போயாயிற்று, குரு பகவானுக்குக் கொண்டைக்கடலை மாலை போட்டாயிற்று. பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கேசரி கிண்டிக் கிண்டியே அம்மாவுக்குத் தோள்பட்டை வலி. மோதிரம் ஏறினால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. கெட்ட கனவு என்று ஒரு பொய் சொன்னால் போதும், தப்பிக்கலாம். ஆனால் கல்கூட ஆகவில்லையே என்று அம்மா உடைந்துபோவாளே என்றுதான் பயந்தேன்.

கனவு ஒன்றும் வரவில்லை. பரீட்சைப் பேப்பர் திருத்திவிட்டுப் படுக்கிறவளுக்குக் கனவு ஒன்றுதான் கேடு.

கெடு முடிந்த காலையில் அடுப்படியில் போன் அடித்தது. மாமாதான். அம்மா எடுப்பதற்குள் போய்விடலாம் என்று வேகமாகப் போனேன். எடுத்துவிட்டாள்.

"இல்லண்ணா, அவளுக்கு ஆகல. ரொம்பக் கெட்ட கனாவாம். எருமமாடு தொரத்துச்சாம், அலறிக்கினு எழுந்தா. கல்லத் திருப்பிக் குடுத்துரு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். வாசற்படியில் நான் நிற்பதைப் பார்த்தும் அவள் முகம் மாறவில்லை.

"எனக்கும் ஓஞ்சிபோச்சிடி," என்றாள். "நீ இப்பிடியே இரு. யாரு என்ன சொன்னா என்ன."

அவள் தோளில் கை வைத்தேன்.

"வலிக்குது, மெதுவா," என்றவள், பால் பொங்குகிறதா என்று எட்டிப் பார்த்தாள். "மாமா கேட்டா எருமதான். மாத்திச் சொல்லித் தொலச்சிடாத."