பதினோராம் நம்பர் கேஸ்

மூன்றாம் நாள் காலை என் கட்டிலுக்கு வந்த பெண் மூக்கில் கைக்குட்டை கட்டவில்லை. அதைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. முதல் இரண்டு நாளும் வந்த பையன்கள் ஒழுங்காகக் கட்டிக்கொண்டு, நான் இருமினால் முகத்தைத் திருப்பி, எட்ட நின்று "உசிரு எளீரி" என்று கன்னடத்தில் மூச்சை இழுக்க ஏவிவிட்டு, முதுகில் இரண்டு தட்டு தட்டிக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போனார்கள். அது நியாயம். தன் உசிர்மேல் ஆசை இருக்கிறவன் அப்படித்தான் செய்வான். இவளோ ஸ்டூலை இழுத்துக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு, என் முழங்காலில் அவள் கோட்டு உரசும்படி உட்கார்ந்தாள். இவளுக்கு என்னிடம் ஏதோ ஆகவேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் பரீட்சைக் கேஸ். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், அங்கே எனக்கு இன்னும் ஒரு கட்டில் வேண்டியிருக்கிறது. வருஷத்துக்கு இரண்டு முறை டாக்டர் படிப்புக்குக் கடைசிப் பரீட்சை நடக்கும். அதற்கு நோயாளிகள் வேண்டும். நெஞ்சில் இரைச்சல் உள்ளவள், மண்ணீரல் வீங்கியவன், என்னைப்போல் மூச்சு வாங்குகிறவன் என்று ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். கார்டு வரும், நாங்கள் போவோம். மூன்று நாள் ரொட்டி, பால், அவித்த முட்டை. கட்டிலுக்குக் கட்டில் துணித் திரை. ஒரு கேஸுக்கு ஒரு பிள்ளை, ஒரு மணி நேரம். அதற்குள் எங்களுக்கு என்ன சீக்கு என்று கண்டுபிடிக்கவேண்டும். பிறகு இரண்டு பெரிய டாக்டர்கள் வந்து கேள்வி கேட்பார்கள்.

இதில் ஒரு சட்டம் உண்டு. கேஸாக வருகிறவர்களுக்கு அவர்கள் சீக்கின் பெயரைச் சொல்லக்கூடாது. சொன்னால் நாங்கள் பிள்ளைகளிடம் உளறிவிடுவோமாம். எனக்கு என்னதான் சொல்லுங்கள் என்று வார்டைப் பார்க்கும் கேத்தரின் சிஸ்டரிடம் மூன்று வருஷமாகக் கேட்கிறேன். பரீட்சை முடியட்டும் என்பாள். முடிந்ததும் சீட்டைக் கிழித்து வெளியே அனுப்பிவிடுவாள். சட்டம் போட்டவர்களுக்குக் கிருஷ்ணம்மாளைத் தெரியாது. அவள் சிவாஜிநகர் மார்க்கெட்டில் பூ விற்கிறவள், நெஞ்சிரைச்சல் கேஸ். எப்போதோ ஒரு பையன் வாய்தவறி அவள் சீக்கின் பெயரை அவளிடமே சொல்லிவிட்டான். அன்றிலிருந்து, தன்னை "அம்மா" என்று கூப்பிடுகிற பிள்ளைக்கு மட்டும் காதோடு "மைட்ரல்" என்று சொல்லிவிடுவாள். அவள் புண்ணியத்தில் எத்தனை பேர் டாக்டரானார்களோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"நீ இன்னாய்யா, வாய்க்குப் பூட்டு போட்டுக்கினு குந்தியிருக்க? உன் சீக்கு இன்னா தங்கமா, வெட்டி எடுத்துக்கினு பூடுவாங்கன்னு பாக்கறியா?" என்று என்னைக் கிண்டல் செய்வாள்.

எனக்கு என் சீக்கு தெரியும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இவர்கள் வாயாலும் ஒருமுறை கேட்கத்தான் சிஸ்டரை நச்சரித்தேன். தங்கவயலில் இருபத்தாறு வருஷம் பூமிக்கு அடியில் கல் துளைத்தவன். மூச்சு வாங்க ஆரம்பித்தபோது எங்கள் லைன் வீடுகளுக்குப் பக்கத்தில் போர்டு மாட்டி உட்கார்ந்திருந்த ஒரு டாக்டரிடம் போனேன். நெஞ்சில் குழாயை வைத்து எடுக்கிற நேரத்துக்குள் டி.பி. என்று சீட்டு எழுதினான். நீளமாகக் கையெழுத்துப் போட்டு ரப்பர் ஸ்டாம்பும் குத்தினான். அந்தச் சீட்டோடுதான் பெங்களூர் வந்து ஒக்கலிபுரத்தில் மகள் ரஞ்சிதம் வீட்டில் ஒண்டினேன். தண்டவாளத்துப் பக்கம் சின்ன வீடு. பின்பக்கம் தகரம் இறக்கி எனக்கு இடம் ஒதுக்கினார்கள். பேத்தி காந்தாவுக்குப் பதினோரு மாதம், நடக்கப் பழகுகிறாள். இன்றுவரை அவளை நான் தொட்டதில்லை. தொட விட்டதில்லை. ரஞ்சிதத்தைக் குறை சொல்லவில்லை, நானாக இருந்தாலும் விடமாட்டேன். மருமகன் முனிராஜ் ரயில்வே யார்டில் வேலை. குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டது, இனி எத்தனை நேரம் பிடித்துவைக்க முடியும், இந்தப் பரீட்சை முடிந்ததும் உங்களைக் குடியாத்தம் பக்கம் உங்கள் தம்பி மகன் வீட்டில் விட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டான். தம்பி மகன் கதவைத் திறக்கமாட்டான் என்று அவனுக்கும் தெரியும்.

இதற்கு நடுவில் தேசிகன் என்று ஒருவன். கண்ணாடி, மடிப்புக் கலையாத சட்டை, கையில் நோட்டு. டாக்டரும் இல்லை, பிள்ளையும் இல்லை. மூன்று நாளாகத் திரைக்குத் திரை எட்டிப் பார்த்துக்கொண்டு, பெரிய டாக்டர்கள் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தான். ஒரு மாணவன் எப்போது தன்னை டாக்டர் என்று நினைக்க ஆரம்பிக்கிறான் என்று ஆராய்ச்சி செய்கிறானாம். யூனிவர்சிடியில் இதற்குச் சம்பளமாம். யார் உளறுகிறார்கள் என்று பிடிக்கத்தான் இவனை விட்டிருக்கிறார்கள் என்று நான் முதல் நாளே கிருஷ்ணம்மாளிடம் சொன்னேன். பெயரெல்லாம் எழுதமாட்டேன் பெரியவரே, பயப்படாதீர்கள் என்றான் என்னிடம். பெயர் எழுதமாட்டேன் என்கிறவன் வேறு எதையோ எழுதுகிறான் என்றுதானே அர்த்தம்?

"இவங்கள்ல யாரைப் பாத்தா உங்களுக்கு டாக்டர்னு தோணுது?" என்று கேட்டான்.

"எனக்கு இன்னா சீக்குன்னு எங்கிட்டயே எவன் சொல்றானோ, அவன்."

அதை எழுதிக்கொண்டான். அவன் கையில் கேஸ் பட்டியல் இருந்தது, பதினோராம் நம்பருக்கு எதிரே இங்கிலீஷில் ஒரு சொல் இருந்தது. அது என்ன என்று கேட்டேன். நோட்டை மூடிவிட்டான். சொல்வதில்லை என்று எழுதிக்கொடுத்துத்தான் உள்ளே வந்தானாம். நீயும் அவர்கள் ஆள்தான் என்று அவன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன்.

அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். பெயர் பியாட்ரிஸ், விவேக் நகர்ப் பக்கம், தமிழ்தான். இது மூன்றாவது முறை என்று அவளாகவே சொன்னாள். பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினாள். ஆனால் முதுகைத் தட்டும்போது தடுமாறவில்லை. தட்டிவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டாள், சுரங்கத்தில் கூரைப் பாறை கெட்டியா பொள்ளலா என்று நாங்கள் கம்பியால் தட்டிக் கேட்பதுபோல. மற்றவர்கள் இருமல் எத்தனை நாள், சளியில் ரத்தமா என்று கேட்டார்கள். இவள் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டாள். துளை போடும்போது தண்ணீர் விடுவார்களா, காய்ந்த கல்லா, வெடி வைத்து எத்தனை நேரம் கழித்து உள்ளே இறங்குவீர்கள், கூட வேலை பார்த்தவர்களுக்கு எப்படி இருக்கிறது. கூட வேலை பார்த்த பத்துப் பேரில் எட்டுப் பேர் போய்விட்டார்கள் என்றேன். எழுதினாள். நான் இருமினேன். அவள் நகரவில்லை. கீழே விழுந்த என் துண்டைக் கையால் எடுத்து மடியில் வைத்தாள்.

அங்கேதான் நான் கெட்டேன். மூன்று வருஷமாக எந்தப் பிள்ளைக்கும் வாய் திறக்காதவன், டி.பி.க்காரன் துண்டைத் தொட்டு எடுத்தவளைப் பார்த்ததும் இளகிவிட்டேன். இவள் தேறட்டுமே என்று நினைத்தேன். அதே நேரத்தில் அவளும் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"தாத்தா, உங்களுக்கு இன்னான்னு யாராச்சும் சொல்லியிருக்காங்களா?"

"டி.பி.ம்மா. தங்கவயல்லயே எழுதிக் குடுத்துட்டாங்க. ஸ்டாம்பு போட்டு."

அவள் காகிதத்தைப் பார்த்தாள். கடைசி வரியில் ஏதோ நீளமான சொல் எழுதியிருந்தாள். அதன்மேல் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு அடித்துவிட்டு, பக்கத்தில் சின்னதாக இரண்டு எழுத்து எழுதினாள். எழுதிவிட்டு ஸ்டூலை ஒரு சாண் பின்னால் நகர்த்திக்கொண்டாள். வேண்டுமென்று செய்யவில்லை, அவள் கால் செய்தது. நான் பார்த்தேன்.

பெரிய டாக்டர்கள் வந்தார்கள். ஒருவர் பருமன், ஒருவர் பேசவே மாட்டார். தேசிகன் பின்னாலேயே வந்து சுவரோரம் நின்றான். பருமனானவர் என்னவென்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் சிரித்தார். எக்ஸ்ரே படத்தை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, இங்கிலீஷில் ஏதேதோ சொன்னார். மைன்ஸ், டஸ்ட், இருபத்தாறு வருஷம். "நோ டி.பி." என்று இரண்டு தடவை சொன்னது எனக்கே புரிந்தது. அந்த இங்கிலீஷ் போதும் எனக்கு. பிறகு அவளைப் பார்த்து, இதை உனக்கு யார் சொன்னது, இவனா என்று விரலை என் பக்கம் நீட்டினார். உளறிய கேஸின் பெயரைப் பட்டியலில் இருந்து அடித்துவிடுவார்கள். அவள் ஆமாம் என்றிருந்தால் பாதிப் பழியாவது என்மேல் போயிருக்கும்.

அவள் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "ஐ தாட் ஸோ, சார்" என்றாள்.

தேசிகனின் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது.

அவர்கள் போனதும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். டி.பி. இல்லையென்றால் வேறு எது? அந்தக் குண்டன் சொன்னது என்னைப் பற்றியா, எக்ஸ்ரே மாறிப்போனதா? ஆறு வருஷமாகத் தகரத்துக்கு அடியில் படுத்திருக்கிறேனே, எதற்காக? கேத்தரின் சிஸ்டரைக் கூப்பிட்டுக் கேட்டேன். சாயங்காலம் பரீட்சை முடியட்டும் என்றாள். தேசிகனைக் கூப்பிட்டேன். உனக்குத் தெரியும், ஒரு சொல் சொல், வீட்டில் குழந்தை இருக்கிறது என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். தன் வேலை பார்ப்பது மட்டும்தான், ஆஸ்பத்திரி விஷயத்தில் தலையிட்டால் ஆராய்ச்சியே கெட்டுப்போகும் என்றான். பாவம்போலத்தான் சொன்னான். பாவம்போலச் சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் காலை சீட்டைக் கிழித்து வெளியே அனுப்பினார்கள். ஆஸ்பத்திரி கேட் அருகே அந்தப் பெண் நின்றிருந்தாள். கோட்டு இல்லை, சாதாரணப் புடவை. எப்படியும் பெயில்தான் என்று முகத்தில் எழுதியிருந்தது. சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து நானே முந்திக்கொண்டேன். நான் பொய் சொல்லவில்லை, எனக்குச் சொன்னதைத்தான் சொன்னேன் என்றேன்.

"தெரியும் தாத்தா. அதுக்கு வரல. உங்களுக்கு டி.பி. இல்ல."

"அப்ப இன்னா?"

"கல்லுத் தூசி. நெஞ்சுக்குள்ள படிஞ்சு கட்டியாயிடுச்சு. நேத்து சாயங்காலம் உங்க கேஸ் ஷீட்ட வாங்கிப் பாத்தேன். மூணு வாட்டி சளி டெஸ்ட் பண்ணியிருக்காங்க, கிருமி இல்ல. இது யாருக்கும் ஒட்டாது."

ஒட்டாது. எத்தனை சுலபமாகச் சொல்கிறாள். முந்தாநாள்வரை இவளை எனக்குத் தெரியாது. என்னால் பெயிலானவள். ஒரு பொய்யைச் சொல்லி அனுப்பினால், நான் வீட்டுக்குப் போய்க் குழந்தையை வாரி எடுத்து, அதற்கும் சீக்கு வந்தால், அதுதான் சரியான பழி. மனுஷ புத்தி எதற்கும் போகும்.

"எழுதிக் குடு" என்றேன்.

பையிலிருந்து காகிதம் எடுத்து, கேட் சுவரில் வைத்து எழுதினாள். என் பெயர் ஜெயவேலு, வயது, சீக்கு, ஒட்டாது என்பது எல்லாம் இங்கிலீஷில். கீழே தன் பெயரை மட்டும் போட்டாள். முன்னால் டாக்டர் என்று போடு என்றேன். இன்னும் இல்லை தாத்தா என்றாள். போட்டால் என்ன குறைந்துவிடும், யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டேன். முடியாது என்று தலையை ஆட்டினாள். எனக்குக் கோபம் வந்தது. ஸ்டாம்பு இல்லாத காகிதத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

"இன்னொண்ணும் சொல்லணும். இது சரியாவாது தாத்தா. மருந்து இல்ல. இன்னும் மோசமாத்தான் ஆவும். தூசிலயும் பொகையிலயும் இருக்காதீங்க."

பொய் சொல்ல வந்தவள் இதை ஏன் சொல்லவேண்டும்? இதுவும் பொய்யோடு சேர்ந்ததா? பஸ்ஸில் நாலு முறை காகிதத்தைப் பிரித்துப் பார்த்தேன். நான் படித்தது மூன்றாவது, அதுவும் தமிழ். இங்கிலீஷ் எழுத்து பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கிறது, உண்மையானாலும் பொய்யானாலும்.

வீட்டில் முனிராஜ் இருந்தான், ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவன். என் துணிமணிகளை ஏற்கெனவே ஒரு பையில் கட்டி வைத்திருந்தார்கள். காகிதத்தை அவனிடம் நீட்டினேன். அவனுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும். எழுத்துக்கூட்டி வாசித்தான். ரஞ்சிதம் வாசற்படியில் உட்கார்ந்து ஒரு கையைக் குறுக்கே நிலையில் ஊன்றியிருந்தாள். அந்தக் கைக்குப் பின்னால் காந்தா நின்றிருந்தாள்.

"ஒட்டாதுன்னு போட்டிருக்குது" என்றான் முனிராஜ். பிறகு காகிதத்தின் அடியைப் பார்த்தான். "யாரு மாமா இந்த பியாட்ரிஸ்? டாக்டரா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். யார் போய்க் கேட்கப்போகிறார்கள்? ரஞ்சிதம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வருஷத்துக்கு முன் டாக்டர் என்று போட்டவன் எழுதியதை இவர்கள் கேள்வி கேட்காமல் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

"இல்ல. பரீட்சையில பெயிலானவ" என்றேன். "ஆனா சொன்னா."

முனிராஜ் காகிதத்தை மடித்தான், மறுபடி பிரித்தான். ரஞ்சிதத்திடம் கொடுத்தான். படிக்கத் தெரியாதவள் அதை ஒரு கையால் வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். வீட்டை ஒட்டி ஒரு கூட்ஸ் வண்டி நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. காந்தா தன் தாயின் கையில் வயிற்றை முட்டி, குனிந்து, இந்தப் பக்கம் வரப் பார்த்தாள். ரஞ்சிதத்தின் கை நிலையில்தான் இருந்தது. விரல்கள் மட்டும் ஊன்றியிருந்த இடத்தைவிட்டுக் கொஞ்சம் மேலே எழும்பியிருந்தன.