கூரைக்கும் சுவருக்கும் நடுவே

“அண்ணே, ஆணி இங்கிட்டு விழுந்திருச்சு. இந்தாங்க” என்று சுவரின் உச்சியில் அடுத்த வீட்டு நாகலெட்சுமியின் கை எட்டிப் பார்த்தது. ஸ்டூலின் மேல் ஸ்டூல் போட்டு ஏறி நின்றிருந்த என் புருஷன் இக்னேசியஸ், வாயில் இன்னும் நாலு ஆணியைக் கவ்வியபடி குனிந்து அதை வாங்கிக்கொண்டார். அவளுக்கு அப்போது ஏழு மாதம். அந்த வயிற்றோடு அவள் வீட்டுப் பெஞ்சில் ஏறி நின்று, விழுந்த ஆணியை எல்லாம் பொறுக்கிப் பொறுக்கி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பலகை அடிப்பதே அவள் காதை அடைக்கத்தான் என்று அவளுக்குத் தெரியாது. கீழே நின்று பலகையைத் தாங்கிப் பிடித்திருந்த எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை நான்.

இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியாவுக்குப் போகிற வழியில் ஒரு தேயிலைத் தோட்டம், அதன் கீழ்க்கணக்குப் பிரிவில் எங்கள் லயம். ஐம்பத்தேழாம் வருஷம். லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தகரக் கூரை. காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் சுவர் உண்டு. ஆனால் அந்தச் சுவர் ஆளுயரத்துக்கு மேல் கொஞ்சம் எழும்பி அப்படியே நின்றுவிடும். அதற்கு மேலே கூரை வரைக்கும் வெறும் திறப்பு. கட்டின வெள்ளைக்காரன் கல்லை மிச்சம் பிடித்தானோ, இல்லை இவர்கள் பேசுவதில் மறைக்க என்ன இருக்கப்போகிறது என்று நினைத்தானோ, யார் கண்டது! அடுத்த வீட்டு வாசலுக்குப் போய் நின்று கூப்பிடும் வழக்கமே எங்கள் லயத்தில் கிடையாது. அடுப்படியில் உட்கார்ந்தபடி முகட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தால் போதும், வேலை நடந்துவிடும்.

நான் வாய்க்குள் “உப்பு தீந்துபோச்சே” என்று முனகினால் போதும். “இங்க இருக்கு அக்கா” என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும். லயத்து முதல் காம்பரா நாகலெட்சுமியுடையது, அவளுக்கு அக்கம்பக்கம் என்றால் நாங்கள் மட்டும்தான். நாகு ரொம்பக் குட்டை. சுவர் உச்சி அவளுக்கு எட்டாது. அதற்காகவே இவர் ஒரு பெஞ்சு செய்து கொடுத்திருந்தார். அதில் ஒரு கால் அரை அங்குலம் குட்டை. இழுத்தால் தரையில் கர்ரென்று கத்தும். “நாளைக்குச் சரி பண்ணித் தர்றேன்” என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கர்ரென்ற சத்தம், பிறகு வளையல் சத்தம், பிறகு சிரட்டையில் உப்பு சுவர் மேல் வந்து உட்கார்ந்துவிடும். எனக்கும் இவருக்கும் சண்டை வந்தாலும் அப்படித்தான். நாங்கள் இரண்டு பேரும் மூச்சு வாங்க நிறுத்துகிற நேரம் பார்த்து, “அண்ணே, அக்கா சொல்றதுதான் ஞாயம்” என்று தீர்ப்பு வரும். அவள் புருஷன் வீரய்யா, “நீ சும்மா கெட” என்று அவளை அதட்டுவதும் கேட்கும்.

இவருக்குத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், பெட்டியடிக்கிற வேலை. தேயிலை அடைக்கிற பலகைப் பெட்டிகளுக்கு ஆணி அடித்து, விளிம்பில் தகரப் பட்டை போட்டு, உள்ளே ஈயத்தாள் ஒட்டித் தயார் செய்ய வேண்டும். பகல் முழுக்க அங்கே அடிப்பது போதாதென்று வீட்டுக்கு வந்தும் அடிப்பார். காம்பராவின் பின்பக்கம், தாழ்வாரத்துக்குக் கீழே சாக்கும் பழைய தகரமும் கட்டி மறைத்து, அதைத் தன்னுடைய ‘பட்டறை’ என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். ஒரு ரம்பம், ஒரு உளி, பிடி மாற்றிய சுத்தியல், அவ்வளவுதான் பட்டறை! உடைந்துபோன பெட்டிகளை ஸ்டோர் அதிகாரி டீமேக்கரிடம் கேட்டு வாங்கி வருவார். வளைந்த ஆணிகளைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்துவது ஞாயிற்றுக்கிழமை வேலை. தட்டு வைக்கிற தட்டி, கோழிக்கூடு, மாதா படத்துக்கு மாடம், எல்லாம் அந்தப் பலகையில் வந்தவை. எங்கள் வீட்டில் எதைத் திருப்பிப் பார்த்தாலும் தோட்டத்துப் பெயரும் எத்தனை ராத்தல் எடை என்ற கணக்கும் இங்கிலீஷில் அச்சடித்திருக்கும். கல்யாணமான முதல் வருஷம் ஒரு தொட்டிலும் செய்தார். அழகான வேலை. ஆறு வருஷமாக அதில் நான் வெங்காயம் போட்டு வைத்திருந்தேன்.

எல்லாம் அந்த வெங்காயத்தில்தான் ஆரம்பித்தது. ஒரு நாள் சாயங்காலம் குழம்புக்கு வெங்காயம் எடுக்கப் போனவள், என்ன தோன்றியதோ, தொட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். “ஊரு ஒலகத்துல எல்லாருக்கும் குடுக்குற ஆண்டவரு எனக்கு மட்டும் ஏன் கண்ண மூடிக்கிட்டாரு” என்று என்னென்னவோ பேசினேன். இவர் பாவம், பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். நாங்கள் மெதுவாகத்தான் பேசினோம். எங்கள் லயத்தில் மெதுவாகப் பேசுவதைத்தான் எல்லாரும் கூர்ந்து கேட்பார்கள்.

மறுநாள் மலையில் நான் கொழுந்து பறிக்கிற நிரைக்குப் பக்கத்தில் ஒவ்வொருத்தியாக வந்தாள். ஒருத்தி பச்சிலை சொன்னாள். ஒருத்தி, “மனச வுட்டுறாத” என்று கன்னத்தைத் தடவினாள். கடைசிக் காம்பரா அம்மாக்கண்ணு, லயத்துப் பிரசவமெல்லாம் பார்க்கிறவள், என் இடுப்பையே அளந்து பார்த்துவிட்டுப் போனாள். சாயங்காலம் நாகு சுவர் மேல் ஒரு மஞ்சள் கயிற்றை வைத்தாள். “முனியாண்டி கோயில்ல வேண்டி வாங்கிட்டு வந்தேன் அக்கா. நீங்க வேதக்காரவுங்கதான், இருந்தாலும் கட்டிக்கங்க.” அவள் வயிறு தள்ளிக்கொண்டிருக்கிறது, அவள் எனக்குக் கயிறு கொடுக்கிறாள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்கு நினைத்தால் அந்தப் பிள்ளை அன்பில் செய்தது என்று தெரிகிறது. அன்றைக்கு எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

இவரைப் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போய், “மொதல்ல அந்த ஓட்டைய அடைங்க” என்றேன்.

“அது ஓட்ட இல்ல புள்ள. லயமே அப்படித்தான்.”

“அப்ப நான் என் வீட்டுல அழக்கூடக் கூடாதா?”

அவர் கையிலிருந்த ஆணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சரி. குளிருக்குன்னு சொல்லிக்குவோம்” என்றார்.

மூன்று வாரம், தினமும் சாயங்காலம் வேலை முடிந்து வந்து அடித்தார். கூரைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த திறப்பை இரட்டைப் பலகை வைத்து, நடுவில் சாக்குத் திணித்து அடைத்தார். அதோடு விடுவாரா? காம்பரா முழுக்கத் தட்டையாக ஒரு முகடும் போட்டார். ஈயத்தாள் ஒட்டிய பக்கத்தைக் கீழே பார்க்க வைத்ததுதான் அவருடைய கெட்டித்தனம். குப்பி லாம்பு ஒன்றைக் கொளுத்தினால் வீடு பூராவும் வெளிச்சம் வழிந்தது. லயமே திரண்டு வந்து வாயைப் பிளந்து பார்த்தது. நாகுவும் வந்தாள். “தொரை பங்களா தோத்துப்போகும் அக்கா” என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தவள், அந்தச் சுவர்ப் பக்கம் வந்ததும் நின்றாள். பலகை மேல் கையை வைத்துப் பார்த்தாள்.

“இனி சத்தம் வராதுல்ல?”

“குளிருக்குத்தான் நாகு” என்றேன்.

“ம்” என்றாள்.

முதல் வாரம் எனக்கு ராஜாங்கம் கிடைத்த மாதிரி இருந்தது. சத்தமாகச் சிரித்தேன். இவரைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டுப் பார்த்தேன், அவர் பயந்தே போய்விட்டார். இரண்டாம் வாரம் பேசுவதற்கு எங்களிடம் ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது. சண்டை போட்டாலும் தீர்ப்புச் சொல்ல ஆளில்லாமல், அது பாட்டுக்கு நீண்டுகொண்டே போனது. ஆனால் வாயால் கேட்டு வாங்கிய வரம், யாரிடம் போய்ச் சொல்வது?

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததிலிருந்து மழை. வீரய்யா சாமான் வாங்க நோர்வூட்டுக்குப் போயிருந்தான். இவர் பின்னால் பட்டறையில். சோறு வடித்து, சாப்பிட்டு, இவருக்கும் போட்டு, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, கிழிந்த ரவிக்கைகளை எடுத்துவைத்துத் தைக்க உட்கார்ந்தேன். ஒன்றை முடித்து இரண்டாவதைத் தைத்துக்கொண்டிருந்தபோது தொம், தொம் என்று சத்தம். விட்டுவிட்டு வந்தது.

“ஆண்டவரோட நாள்லகூட அந்தச் சுத்தியலக் கீழ வைக்க மாட்டீங்களா?” என்று கத்தினேன். சத்தம் நின்றது. சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டாரே என்று நானும் தைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒரு தொம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. “காது கேக்கலயா ஒங்களுக்கு?”

பின்வாசலில் வந்து நின்றார். கையிலும் மீசையிலும் மரத்தூள். “நான் எங்க புள்ள தட்டுனேன்? தேச்சிக்கிட்டில்ல இருக்கேன்” என்றார். அவர் கையில் இருந்தது தொட்டிலின் பக்கச் சட்டம். வெங்காயத்தை எல்லாம் கொட்டிவிட்டு, எனக்குத் தெரியாமல் அதை இழைத்துத் தேய்த்துப் புதுசாக்கிக்கொண்டிருக்கிறார், நாகுவுக்குக் கொடுக்க. எனக்கு விளங்கிவிட்டது. வாயைத் திறந்தேன், நல்லதாக நாலு வார்த்தை கேட்க. அப்போது எங்கள் இருவருக்கும் நடுவே, சுவரின் அடியிலிருந்து இன்னொரு தொம் வந்தது. ரொம்ப மெதுவாக.

இவர் உளியை எடுத்துக்கொண்டு மழையில் ஓடினார். நாகு வீட்டுக் கதவு மழைக் காற்று அடிக்காமலிருக்க உள்ளே தாழ் போட்டிருந்தது. கீல் பக்கம் உளியைக் கொடுத்து நெம்பிக் கதவையே கழற்றிச் சாய்த்தார். அவள் எங்கள் சுவரை ஒட்டித் தரையில் கிடந்தாள். கையில் அம்மிக் குழவி. சேலையெல்லாம் நனைந்து, உதடு வெளுத்து, எழுந்து வாசலுக்கு வரவும் முடியாமல் கிடந்திருக்கிறாள். “அம்மாக்கண்ணுவக் கூட்டிட்டு வாங்க!” என்று இவரை விரட்டிவிட்டு அவள் தலையை மடியில் எடுத்து வைத்தேன்.

“எவ்வளவு நேரமாக் கூப்புட்டேன் அக்கா” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. “நீங்க சோறு வடிச்ச வாசம் வந்திச்சே, அப்பயிருந்து கூப்புட்டேன்.”

அதற்குப் பிறகு நான் சாப்பிட்டிருக்கிறேன். பாத்திரம் கழுவியிருக்கிறேன். ஒன்றரை ரவிக்கை தைத்திருக்கிறேன். ஐயோ மாதாவே, அவ்வளவு நேரம்! வலி வந்த உடனே அவள் வாசலுக்குப் போய் நின்று கத்தியிருந்தால் பன்னிரண்டு காம்பராவும் ஓடி வந்திருக்கும். அவளுக்கு அது தோன்றவே இல்லை. பழக்கம், முகட்டைப் பார்த்து “அக்கா” என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். எழும்ப முடியாமல் போன பிறகுதான் குழவியை எடுத்திருக்கிறாள்.

பிள்ளை நீலம் பாரித்துப் பிறந்தது. அம்மாக்கண்ணு காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி முதுகில் தட்டினாள். மூன்று தட்டுக்கும் சத்தமில்லை. நாலாவது தட்டுக்குப் பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல். நான் மண்டி போட்டுவிட்டேன். ஆண்பிள்ளை. பிழைத்துக்கொண்டான்.

அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. இருபது நாள் கழித்து எழுந்து நடமாட ஆரம்பித்ததும் எங்கள் முன்தாழ்வாரத்து இஸ்தோப்புக்கு வந்து, வாசற்படிக்கு வெளியே நின்று, கதவைத் தட்டினாள். “கொஞ்சம் தீப்பெட்டி தர்றீங்களாக்கா?” வாங்கிக்கொண்டாள். ஒரு குச்சி எடுத்துக்கொண்டு பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். எங்கள் லயத்தில் ஒருத்தி கதவைத் தட்டி நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். தொட்டிலை நானே தூக்கிக்கொண்டு போனேன். “எதுக்குக்கா செரமம், சீலையில போட்டாலே தூங்கிருவான்” என்றாள். முகம் சிரித்தபடிதான் இருந்தது. நான் தொட்டிலைத் திருப்பித் தூக்கிக்கொண்டு வந்தேன். வரும்போது அது ரொம்பக் கனத்தது.

இப்போது நான் இருக்கும் வீட்டில் எல்லாச் சுவரும் கூரையை முட்டிக்கொண்டு நிற்கிறது. அடுத்த வீட்டுக்காரர் பெயர் என்னவென்று கேட்டால் நான் யோசிக்க வேண்டும். அந்தக் காம்பராவில் அடுத்த வீட்டில் யாருக்குத் தும்மல் என்பதுகூட எனக்குத் தெரிந்திருந்தது. அதையும் நானே கேட்டு அடைத்துக்கொண்டேன்.

“அந்தச் சுவத்துப் பக்கத்துப் பலகைய எடுத்துருங்க” என்று அன்றைக்கு ராத்திரி, தொட்டிலை இறக்கி வைத்ததும் இவரிடம் சொன்னேன்.

மனுஷன் தன் முகட்டை அண்ணாந்து பார்த்தார். லாம்பு வெளிச்சத்தில் அது மின்னிக்கொண்டிருந்தது. ஸ்டூலின் மேல் ஸ்டூல் போட்டு ஏறினார். ஓர் ஆணியும் வளையாமல் ஒவ்வொன்றாகப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். சுவருக்கு மேலே நீளமாக ஓர் இருட்டு திறந்தது. அதன் வழியாக அவர்கள் வீட்டு அடுப்புப் புகை எங்கள் வீட்டுக்குள் வந்தது. நான் அதை மூச்சு நிறைய இழுத்தேன்.

ஆனால் குரல் வரவில்லை. அந்தப் பக்கம் அவர்கள் மெதுவாகப் பேசப் பழகியிருந்தார்கள். பிள்ளை அழுதால் உடனே “ச்சு, ச்சு” என்று அடக்குவது கேட்டது. ஒரு நாள் போனது. இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் சாயங்காலம் அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நான் முகட்டைப் பார்த்து, யாருக்கோ சொல்வது மாதிரி, “உப்பு தீந்துபோச்சே” என்றேன்.

இவர் திரும்பி உப்புச் சட்டியைப் பார்த்தார். சட்டி நிறைய உப்பு. என்னவோ சொல்ல வாயைத் திறந்தவரைக் கண்ணாலேயே அடக்கினேன்.

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. குழம்பு கொதிக்கிற சத்தம் மட்டும்தான். பிள்ளை ஒருதரம் சிணுங்கினான். நான் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தேன்.

பிறகு தரையில், கர்ரென்று, அந்தக் குட்டைக்கால் பெஞ்சு இழுபட்டது.