பதினொன்று காட்டிய பைண்டிங்

என் பனிச்சறுக்குச் சாமான் கடைக்கு வந்து உண்மை சொன்னவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எடை என்ன என்று கேட்டால் சாதாரண ஜனங்கள் ஐந்து கிலோ குறைத்துச் சொல்வார்கள். பாறையிலிருந்து குதிக்கிற வீராதிவீரர்கள் பத்து கிலோ ஏற்றிச் சொல்வார்கள். எடை கூடினால் நான் பைண்டிங்கை இறுக்கி வைப்பேன், அதற்குத்தான். பூட்ஸைப் பனிச்சறுக்குப் பலகையோடு கவ்விப் பிடிக்கிற அந்தச் சாமான், ஆள் விழும்போது விட்டுவிட வேண்டும், விழாதபோது விடக் கூடாது. எவ்வளவு விசைக்கு விட வேண்டும் என்பதற்கு ஓர் எண் உண்டு. பைண்டிங் மேலே நகத்தளவு ஜன்னலில் அது தெரியும். எங்கள் யாஸ்னா மலையில் குதிக்கிற பயல்களுக்கு அந்த எண்தான் மீசை.

என் தம்பி போஹுஷும் லேசுப்பட்டவன் இல்லை. முப்பத்தொரு வயது, எழுபத்திரண்டு கிலோ. எடை அட்டவணைப்படி அவனுக்கு எட்டரை போதும். அவன் பதினொன்று கேட்பான். செங்குத்துச் சரிவில் பலகை தானாகக் கழன்றால் ஆள் காலி என்பான். அதுவும் பொய்யில்லை.

போன மார்ச்சில் பனிச்சறுக்குப் போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் அவனுடைய பைண்டிங்கைச் சோதனை இயந்திரத்தில் மாட்டிப் பார்த்தேன். ஜன்னல் பதினொன்று காட்டியது. ஆனால் ஸ்பிரிங் ஐந்து வருஷம் அடிவாங்கித் தளர்ந்துபோய் ஒன்பதிலேயே விட்டது. எந்த மெக்கானிக்கும் திருகை ஏற்றுவான், இல்லையென்றால் பைண்டிங்கையே கழற்றிக் குப்பையில் போடுவான். நான் இரண்டும் செய்யவில்லை. ஜன்னலைப் பார்த்து அவன் சந்தோஷப்படட்டும், ஒன்பதில் விட்டால் கால் பிழைக்கும் என்று கணக்குப் போட்டேன். பலகையைத் துடைத்துக் கையில் கொடுத்தேன். பாசமாம் பாசம், கேடுகெட்ட பாசம்.

போட்டியில் இரண்டாவது பாறையிலிருந்து குதித்து இறங்கிய வேகத்தில் இடது பலகை கழன்றது. நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லிலும் பனியிலுமாக அவன் உருண்டு வந்து நின்றபோது தோள் எலும்பும் மூன்று விலாவும் போயிருந்தன. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களிடமெல்லாம், இறங்கும்போது தான் பின்னால் சாய்ந்துவிட்டதாகச் சொன்னான். அக்கா வைத்த பைண்டிங்கைக் குறை சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. நான் பூண்டு சூப்பை ஊட்டிவிட்டுப் பேசாமல் இருந்தேன். ஒரு நாளில்லை, இரண்டு நாளில்லை, ஒன்பது மாதம்.

டிசம்பரில், மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்ட் திறந்த மறுவாரம், புதுப் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தான். மேஜைமேல் மூன்று பைண்டிங் எடுத்து வைத்தேன். முதலாவது பஞ்சு மாதிரி எடை, குதிகாலைத் தூக்கி மலை ஏறலாம். அதைப் பார்த்ததுமே, ஏறுவதற்கு நல்லது, பாறையிலிருந்து விழுந்தால் பல் உதிரும் என்று ஒதுக்கினான். இரண்டாவது பதின்மூன்று வரை போகும். மூன்றாவது முழுக்க உலோகம், நல்ல கனம், ஆறில் தொடங்கிப் பதினாறு வரை. காற்றில் சுழலும்போது காலைப் பிடித்து இழுக்குமே என்றேன். இழுக்கட்டும் என்று அதையே எடுத்துக்கொண்டான். மனசுக்குள் சரியென்றுதான் பட்டது. ஸ்பிரிங் தன் அளவின் நடுவில் நிற்கும்போதுதான் ஒழுங்காக வேலை செய்யும், அவன் கேட்கிற பதினொன்று இதில் நட்டநடுவில் வருகிறது.

அவன் பதினொன்று கேட்கவில்லை.

"அக்கா, பதினாலு வை," என்றான்.

பதினாலில் பைண்டிங் விடாது, முழங்கால்தான் விடும் என்று கத்தினேன். அவன் சிரித்தான். எனக்கு வயசாகிவிட்டதாம், கடையில் குழந்தைகளுக்கு மாட்டி மாட்டிக் கையும் மனசும் சின்னதாகிவிட்டதாம். பிறகு சிரிப்பை நிறுத்தினான்.

"பதினொண்ணுல கழண்டுச்சு. அப்ப எனக்குப் பதினொண்ணு பத்தலன்னுதானே அர்த்தம்? நீ வைக்கலன்னா போ, நானே திருகிக்கறேன்."

திருகுவதற்கு ஒரு ஸ்குரூ டிரைவர் போதும். அவன் செய்வான். நான் மறைத்த உண்மை, இப்போது அவன் முழங்காலைக் கேட்டு வந்து நிற்கிறது. மெழுகு படிந்த கையைத் துணியில் துடைத்துக்கொண்டேன்.

"அது பதினொண்ணு இல்லடா, போஹுஷ். மெஷின்ல ஒம்பதுலயே விட்டுச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் குடுத்தேன்."

அவன் பைண்டிங்கை மெதுவாக மேஜைமேல் வைத்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன், அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அப்ப நான் சரியாதான் இறங்கினேனா?"

"சரியாதான்டா இறங்கின. நான் பாத்தேன்ல."

இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். அப்புறம்தான் எல்லாம் வந்தது. போன வாரம் முழங்கால் உயர மேட்டிலிருந்துகூடக் குதிக்க முடியவில்லையாம். காலுக்கு இறங்கத் தெரியவில்லை, இனிமேல் அவ்வளவுதான் என்று நினைத்தானாம். பைண்டிங்கை இறுக்கிக்கொண்டால் தைரியம் வரும் என்றுதான் பதினாலு.

"ஒம்பது மாசமா எம் மேலயே சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தேன்க்கா," என்றான். குரல் உயரவே இல்லை. எனக்கு அழுகை வந்தது. மன்னித்துவிடு என்று சொன்னேன்.

அவன் எழுந்து பைண்டிங்கை என் பக்கம் தள்ளி, பதினொன்று வை என்றான். பூட்ஸைப் பொருத்தி, துளையிட்டு, பைண்டிங்கைப் பதித்தேன். அவன் தலைக்குமேல் நின்று ஒவ்வொரு திருகையும் பார்த்தான். சோதனை இயந்திரத்தில் மாட்டி மூன்று முறை இழுத்தேன். மூன்று முறையும் பதினொன்றிலேயே விட்டது. பலகையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனவன் திரும்பினான்.

"இனிமே பயம்னா எங்கிட்ட சொல்லு. திருகுகிட்ட சொல்லாத."

"பயமா இருக்குடா."

"எனக்குந்தான்," என்றான். பலகையைத் தோளில் ஏற்றிக்கொண்டான். "கெய்சா கடையில ஒரு தடவ மெஷின்ல வெச்சுப் பாத்துட்டு வரேன். கோவிச்சுக்காத."

கெய்சா எதிர்க் கடைக்காரன், பத்து வருஷமாக எனக்குப் போட்டி. போஹுஷ் தெருவைத் தாண்டுவதற்குள் நானே அவனுக்குப் போன் போட்டேன். தம்பி வருகிறான், நான் வைத்ததை நம்பாமல் நன்றாகச் சோதித்துப் பார் என்று சொன்னேன்.