அந்தோணிராஜின் வலது கை

அன்னம்மா அக்காவின் கடையில் அந்தோணிராஜ் அங்கிளுக்குக் கோழி கிடைக்காது. அவர் கேட்டதும் இல்லை.

"சாமிக்கு இன்னைக்கு முட்டைக்கோஸ், பயித்தங்காய்," என்று சொல்லிக்கொண்டே கோழிக் குழம்புக் கரண்டியை அக்கா தூரமாகத் தள்ளி வைப்பார். குழம்பு தெறித்துவிடக் கூடாதாம். "தர்ஷினி, உன் தட்ட அந்தப் பக்கம் தள்ளு. சாமி பக்கத்துல உக்காந்து எலும்பு கடிக்காத."

"பரவால்ல அன்னம்மா," என்பார் அங்கிள்.

"உங்களுக்குப் பரவால்ல. பாவம் எனக்குல வரும்."

கடை மலாக்காவில், தெங்கேரா சாலையோரக் கடை வரிசையில் இருக்கிறது. அதன் மாடியில்தான் செவ்வாயும் வியாழனும் எங்கள் ஆங்கில மாலை வகுப்பு. நான் பகலில் ஒரு டயர் கடையில் பில் போடுகிறேன். வகுப்பில் எங்கள் இருவரையும் தவிர மற்றவர்கள் எல்லாம் தொழிற்சாலை ஆட்கள், கூட்டமாக வந்து கூட்டமாகப் போவார்கள். அதனால் வகுப்புக்கு முன்பு நானும் அங்கிளும் கீழே ஒரே மேசையில் சாப்பிடுவது வழக்கமாயிற்று. இதை நட்பு என்று சொல்லலாமா என்று எனக்குத் தெரியவில்லை. மேசை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அவரை எல்லாருக்கும் தெரியும். பெயர்தான் தெரியாது. இந்த நாட்டில் எடுக்கும் தமிழ்ப் படங்களிலும் தொலைக்காட்சி நாடகங்களிலும் கோயில் குருக்கள் வந்தால் அது அவர்தான். கல்யாணத்தில் மந்திரம் சொல்லும் ஐயர், ஜாதகம் பார்க்கிறவர், கோயில் தலைவர், எல்லாம் அவர்தான். ரெம்பியா பக்கத் தோட்டத்தில் பிறந்தவர். இளவயதில் படப்பிடிப்புக்கு ஜெனரேட்டர் லோரி ஓட்டிப் போயிருக்கிறார். குருக்களாக நடிக்க வேண்டியவர் அன்றைக்கு வரவில்லை. இவருக்கு நல்ல உயரம், கணீரென்ற குரல். நெற்றியில் விபூதியைப் பூசி நிறுத்திவிட்டார்கள்.

"அன்னைக்குப் பூசுனது. இன்னும் அழியல," என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

அவர் கத்தோலிக்கர். ஞாயிறு தவறாமல் மாதா கோவிலுக்குப் போகிறவர். பூசை முடிந்து வெளியே வரும்போது தெரிந்தவர்கள் அவர் மனைவி ரோஸைப் பிடித்துக்கொள்வார்களாம். "ரோஸு, இன்னைக்குப் பொழுதோட உங்க வீட்டுக்காரருக்கு எந்தக் கோயில்ல அர்ச்சனை?" என்பார்களாம். ரோஸ் ஆன்ட்டி சிரித்துவிட்டு வந்து, காரில் ஏறியதும் சிரிப்பதை நிறுத்திவிடுவாராம். ஆன்ட்டி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. தங்கா பத்து வீட்டில் அங்கிள் தனியாக இருக்கிறார்.

"அவ கேட்டது ஒன்னே ஒன்னுதாம்மா. ஒரே ஒரு படத்துலயாச்சும் சிலுவை போட்டுக் காட்டுங்கன்னா. நம்ம ஆளு இவருன்னு எல்லாரும் பாக்கட்டும்னா. அதக்கூட செஞ்சு குடுக்கல."

அவர் இதைச் சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றுதான் நான் முதன்முதலாக அவர் கையில் வசனத்தாள்களைப் பார்த்தேன். திலீப் என்ற இளம் இயக்குநர் ஒரு படம் எடுக்கப் போகிறார். மலாக்காவில் வாழும் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தின் கதை. அதில் மனைவியை இழக்கும் தந்தை வேடத்துக்கு ஆள் தேடுகிறார்கள். அங்கிள் அதைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். வேடத்தை அல்ல, தாள்களை.

"நீ மகளோட வசனத்தப் படிக்கிறியா? தப்பாப் படிச்சாலும் பரவால்ல."

மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். தப்பாகத்தான் படித்தேன். அவர் இரண்டு படி கீழே நின்று, சவப்பெட்டியில் கிடக்கும் மனைவியிடம் பேசுகிற வசனத்தைப் பேசினார். "காலைல செடிக்குத் தண்ணி ஊத்திட்டேன், ஸ்டெல்லா. நீ எழுந்து பாக்க வேணாம்." குருக்கள் குரல் எங்கோ போய்விட்டிருந்தது. பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினார். பிறகு நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள் என்று சிலுவை வரைந்துகொண்டார். அடுத்த வரி என்னுடையது. நான் படிக்க மறந்துவிட்டேன்.

"எப்படிமா இருக்கு?"

"நல்லா இருக்கு அங்கிள்," என்றேன். இதைவிடச் சரியான சொல் ஒன்று இருந்திருக்க வேண்டும். இதுவரை எனக்கு அது கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை திலீப் கடைக்கே வந்தார். முப்பது வயதுக்காரர், தொப்பியைத் திருப்பிப் போட்டிருந்தார். அங்கிளைக் கண்டதும் இரண்டு கையாலும் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்னம்மா அக்கா கேட்காமலேயே தே தாரிக் டீ கொண்டுவந்து வைத்தார்.

"அண்ணே, நீங்க நடிச்சு அனுப்புன வீடியோ பாத்தேன். கலக்கிட்டீங்க. ஆனா..."

"ஆனான்னு வந்துட்டா எல்லாம் வந்துடுச்சு. சொல்லு தம்பி."

"உங்களப் பாத்தா ஆடியன்ஸுக்கு விபூதிதாண்ணே தெரியும். நீங்க சர்ச்சுக்குள்ள நுழைஞ்சா, சாமி என்ன இங்க வந்துருக்காருன்னு சிரிப்பாங்க. உங்க முகத்துல கிறிஸ்டியன் லுக் இல்லண்ணே."

"பொறந்த எட்டாவது நாள் ஞானஸ்நானம் குடுத்தாங்க தம்பி. அன்னைக்கே லுக் வந்துருக்கணுமே."

திலீப் சிரித்தார். அங்கிளும் சிரித்தார். நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தந்தை வேடம் தினேஷ்வரனுக்கு என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. கோலாலம்பூர்க்காரர், நரைத்த குறுந்தாடி வைத்தவர். அந்தத் தாடி பார்த்தவுடன் கிறிஸ்டியன் மாதிரி இருக்கிறது என்றார் திலீப். ஆனால் தினேஷ்வரனுக்குச் சிலுவை போடத் தெரியாது, முழங்கால் போடத் தெரியாது, ஜெபமாலையை எப்படிப் பிடிப்பதென்றும் தெரியாது. அங்கிள் கொஞ்சம் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

"அப்புறம் உங்களுக்கும் ஒரு ரோல் இருக்குண்ணே. பக்கத்து வீட்டு ரங்கசாமி. ஒரே சீன். அடக்கம் பண்றப்ப குழி பக்கத்துல நிப்பீங்க."

"விபூதியோட?"

"விபூதியோட."

அங்கிள் டீயைக் குடித்து முடித்தார். "சரி தம்பி," என்றார். இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டாரே என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். இருபது வருடத்துக்கு மேலாக ஒரே வேடத்தில் வாழ்கிறவர் வேறு எப்படி ஒப்புக்கொள்வார் என்று எனக்கு என்ன தெரியும்?

அடக்கக் காட்சிக்குக் கூட்டம் வேண்டும் என்று எங்கள் வகுப்பிலும் கேட்டார்கள். நான் போனேன். ஊருக்கு வெளியே ஒரு சிறிய கல்லறைத் தோட்டம். ரோஸ் ஆன்ட்டியை அடக்கம் செய்தது இங்கேதானா என்று அங்கிளிடம் கேட்டேன். இல்லை, வேறு இடம் என்றார். கேட்டிருக்க வேண்டாம்.

அவர் வேட்டி சட்டையில், நெற்றி நிறைய விபூதியோடு வந்திருந்தார். ஒரு மரத்தடியில் தினேஷ்வரனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வலது தோளு முதல்ல இல்ல. இடது. நெத்தி, நெஞ்சு, இடது, வலது. ஈ ஓட்டுற மாதிரி செய்யாதீங்க தம்பி. மெதுவா."

"சரியாண்ணே?"

"கை சரி. ஆனா எண்ணிக்கிட்டே செய்றீங்க. எண்ணாம செய்யுங்க."

விபூதி பூசிய ஒருவர் சிலுவை போடச் சொல்லிக்கொடுப்பதை லைட் பையன்கள் கைபேசியில் படமெடுத்தார்கள். "சாமி கட்சி மாறிட்டாருலா," என்றான் ஒருவன். அங்கிள் அவனைப் பார்த்துத் தலையாட்டிச் சிரித்தார்.

பிறகு காட்சி தொடங்கியது. காலிப் பெட்டி குழிக்குள் இறங்கியது. பாதிரியார் வேடம் போட்டவர் ஜெபத்தை முடித்து, "பிதா, சுதன்," என்று தொடங்கினார். தினேஷ்வரன் எண்ணாமல் சிலுவை போட்டார், நன்றாகவே போட்டார். அவருக்குப் பின்னால் நின்ற ரங்கசாமியின் கையும் நெற்றிக்குப் போயிற்று.

"கட். அண்ணே, நீங்க இந்து."

"ஆமா, ஆமா. மன்னிச்சுக்க தம்பி."

மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் கை எழுந்தது. நெஞ்சு வரை வந்ததும் அவரே கவனித்து இறக்கிவிட்டார். சிலர் சிரித்தார்கள். எத்தனையோ படங்களில் இடது கையால் மணியடித்து வலது கையால் தீபம் காட்டி ஒருமுறைகூடத் தவறாத மனிதர் அவர்.

அங்கிள் திலீப்பிடம் போய், என் காதில் விழும் தூரத்தில் நின்று, தாழ்ந்த குரலில் கேட்டார். "தம்பி, ரங்கசாமி முப்பது வருஷம் பக்கத்து வீட்டுல இருந்தவன். அந்தம்மா கையால சாப்பிட்டவன். ஒரு பாசத்துல அவனும் சிலுவை போட்டான்னு வச்சுக்கிட்டா என்னா?"

திலீப் கொஞ்ச நேரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார் என்றுதான் நினைக்கிறேன். "அழகாத்தாண்ணே இருக்கும். ஆனா படம் வந்ததும் ரெண்டு பக்கமும் என்னப் போட்டுக் கிழிப்பாங்க. நான் சின்ன ஆளு. வேணாம்ணே."

"சரி. அப்ப கையில ஏதாச்சும் குடு. சும்மா இருந்தா அது போவுது."

ஒரு கறுப்புக் குடையைக் கொடுத்தார்கள். மழை இல்லை. வெயிலுக்கு என்று வைத்துக்கொள்ளலாம் என்றார் திலீப். அங்கிள் வலது கையில் குடையை இறுகப் பிடித்து, நெஞ்சுக்கு நேராக வைத்துக்கொண்டார். இந்த முறை கை எழவில்லை. டேக் ஓகே ஆயிற்று.

எல்லாரும் சாப்பாட்டுக்குப் போனார்கள். அவர் குழாயடியில் முகத்தைக் கழுவினார். குடையை யாரும் திருப்பிக் கேட்கவில்லை, அதைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். நான் பக்கத்தில் போகலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தேன். நான் முடிவு செய்வதற்குள் அவர் காருக்குப் போய்விட்டார்.

படம் சென்ற வாரம் ஆன்லைனில் வந்தது. ரெம்பியாவில் எங்கள் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம். அம்மா என்னைத் தேடினார், கூட்டத்தில் என் தோள் மட்டும் தெரிந்தது. நான் ரங்கசாமியின் கையைப் பார்த்தேன். "பிதா, சுதன்" என்னும்போது குடை அசையவில்லை. ஆனால் கைப்பிடியின் மேல் அவர் கட்டைவிரல் மேலிருந்து கீழே நகர்ந்தது. பிறகு குறுக்கே நகர்ந்தது.

அதை நான் பலமுறை ஓட்டிப் பார்த்தேன். பிடி வழுக்கியதாலும் விரல் அப்படி நகரலாம். வியர்த்திருக்கலாம். அம்மாவிடம் காட்டியபோது, "என்னாடி இருக்கு அதுல, குடைதான?" என்றார்.

இன்று செவ்வாய். அங்கிள் வழக்கமான நாற்காலியில் இருந்தார். தட்டில் கத்தரிக்காய்.

"படம் பாத்தீங்களா அங்கிள்?"

"இல்லமா. நான் நடிச்சத ரோஸோடதான் பாப்பேன். அவ போனதுக்கப்புறம் ஒன்னும் பாக்கல."

அந்தக் காட்சியிலிருந்து ஓடவிட்டு, கைபேசியை அவர் முன் வைத்தேன். என்ன கேட்பது என்று வழியெல்லாம் யோசித்து வந்திருந்தேன். ஆனால் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். திரையில் விரல் நகர்ந்தது. அவர் நிமிர்ந்தார்.

"தெரியுதா?" என்று கேட்டார்.

"தெரியுது அங்கிள்."

"வேற யாரும் சொன்னாங்களா?"

பொய் சொல்லலாமா என்று நினைத்தேன். "இல்ல அங்கிள்."

அவர் தலையாட்டினார். "திரும்ப எப்படிப் பாக்குறது?"

எங்கே தொட வேண்டும் என்று காட்டினேன். அவர் தொட்டார். பாதிரியார் மறுபடி தொடங்கினார். "சாமி, சோறு ஆறிப்போவுது," என்றார் அன்னம்மா அக்கா. அங்கிளுக்குக் கேட்கவில்லை. மறுபடி தொட்டார்.

வகுப்புக்கு நேரமாயிற்று. கைபேசியைக் கேட்க மனம் வராமல் நான் மட்டும் மாடிக்குப் போனேன். அவர் நாற்காலி கடைசி வரை காலியாகவே இருந்தது. ஆசிரியர் என்னிடம் ஏதோ கேட்டார். நான் ஏதோ பதில் சொன்னேன், அது தப்பு என்று மட்டும் தெரிந்தது.

இறங்கி வந்தபோது அக்கா மற்ற மேசைகளைத் துடைத்து முடித்திருந்தார். அங்கிள் அதே இடத்தில்தான் இருந்தார். தட்டில் கை வைக்கவில்லை. என்னைக் கண்டதும் கைபேசியைச் சட்டை நுனியால் துடைத்து நீட்டினார். திரை கறுப்பாக இருந்தது.

"சார்ஜ் தீந்து போச்சுமா," என்றார். "மன்னிச்சுக்க."