அவர் வாய், என் வாய்

என் கணவருக்கு மேலே ஆறு, கீழே நான்கு என்று பத்துத் திருகுகளைத் தாடை எலும்பில் இறக்கினார்கள். மிச்சமிருந்த ஏழு பற்களையும் அன்றைக்கே பிடுங்கியாகிவிட்டது. எலும்பு திருகைக் கவ்விப் பிடிக்க நான்கு மாதம் ஆகும், பிறகுதான் பல்செட்டை அதன்மேல் மாட்டலாம், அதுவரை பழைய செட்டைத் தொடவே கூடாது என்றார் டாக்டரம்மா. ஆக, நான்கு மாதம் பொக்கை வாய். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது, பொய் சொல்வானேன்.

அந்த வாய் அப்படிப்பட்டது. ஆலையில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தபோது அவருக்குப் பட்டப்பெயர் ஊசி. நான் டெலிபோன் ஆபரேட்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, கூட வேலை பார்த்தவர்கள் பத்துப் பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். "இத்தனை நாள் பேசினதுக்குச் சம்பளம் குடுத்தாங்க. இனிமே யாரும் குடுக்க மாட்டாங்க, அதனால வாயை மூடிக்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் இது ஒரு நாள் கூத்து, அவ்வளவுதான். எங்கள் ஒரே மகனை, கல்யாணமான புதிதில், அவன் மாமனார் மாமியார் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது, "இவன் சம்பளத்துல ஒரு நாய் வளர்க்கலாம், பொண்டாட்டி கஷ்டம்" என்றார். அவன் கை கழுவிவிட்டுப் போனவன்தான். ஒன்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்கு மட்டும் போன் செய்வான். அவர் நம்பரை எடுக்க மாட்டான்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள், சர்க்கரை கூடுதலாக இருக்கிறது, எதற்கும் ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்று படிவத்தை நீட்டினார்கள். மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது. மயான வைராக்கியம் என்பார்களே, இது ஆபரேஷன் தியேட்டர் வைராக்கியம். பிழைத்து வந்தால் புண்படுத்தியவர்கள் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்பதாக அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தே முடிவெடுத்தார்.

வந்தார். கன்னம் இரண்டும் புடைத்து, கண்ணுக்குக் கீழே நீலம் பாய்ந்து, வாயில் பஞ்சோடு வந்தார். நான் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒத்தினேன். தலைக்கு மூன்று தலையணை கொடுத்தேன். உறிஞ்சினால் தையல் விட்டுப்போகும் என்பதால் கஞ்சியை ஆற வைத்துக் கரண்டியால் ஊட்டினேன். அவர் பேசியது எனக்கு மட்டும்தான் புரிந்தது. மன்னிச்சிடு என்பது மன்னிஹிரு என்று வந்தது.

எனக்கு இந்த வேலை புதிதில்லை. அந்தக் காலத்து டிரங்க் காலில் லைன் இரைந்தால், நடுவில் இருக்கும் ஆபரேட்டர்தான் இந்தப் பக்கம் கேட்டு அந்தப் பக்கம் சொல்ல வேண்டும். சாவுச் செய்தியானாலும் ஒரு சொல் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. இருபத்தாறு வருடம் நான் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை.

அப்படியே சொன்னேன். அவர் தம்பிக்குப் போன் போட்டு, "தப்பு எம்மேலதான், மன்னிச்சிடுன்னு சொல்றார்" என்றேன். கொழுந்தனார் அழுதார். ஆலையில் என் கணவர் வேலையை விட்டுத் துரத்திய மெக்கானிக்குக்கும் சொன்னேன். நாளைக்கு என் முறை வரும் என்று காத்திருந்தேன். ஐந்தாம் நாள் பொறுக்காமல் நானே கேட்டேன்.

"வேற யாருக்காவது சொல்லணுமா?"

கண்ணை மூடி யோசித்தார். விரல் விட்டு எண்ணினார். பிறகு முகம் தெளிந்து, "பால்காரர்" என்றார். ஒரு தடவை பாலில் தண்ணீர் என்று தெருவில் வைத்துக் கத்தியிருந்தார், அது.

பால்காரரிடமும் சொன்னேன். மறுநாள் ஞாயிறு, அவர் காத்திருந்த நாள். மகன் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தேன்.

"வலி எப்படிம்மா இருக்கு அவருக்கு? நீ தூங்கறியா?"

அவர் என் புடவையைப் பிடித்து இழுத்து, மன்னிஹிரு, மன்னிஹிரு என்றார். கண்ணீர் வீக்கத்தின் மேல் வழிந்தது.

"என்னம்மா சொல்றார்?"

ஊருக்கெல்லாம் பந்தி வைத்தாகிவிட்டது, சமைத்தவளுக்கு இலை இல்லை. வாயைத் திறந்தேன். அவருக்குக் கேட்காதபடி ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, சமையலறைக்கு நடந்துகொண்டே சொன்னேன்.

"இப்பவாவது உருப்படியா ஒரு வேலையில இருக்கானான்னு கேக்கறார்."

அவன் "அதானே" என்று வைத்துவிட்டான். நான் திரும்பி வந்து, "யோசிச்சுச் சொல்றேன்னான்" என்றேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். இனித்தது. அவருக்குக் கஞ்சியில் சர்க்கரை கூடாது, எனக்குக் கூடாது என்று யார் சொன்னது?

பதினாறு ஞாயிறு இப்படிப் போனது. வீக்கம் வற்றி, தையல் பிரித்து, பேச்சு ஓரளவு தெளிந்தபோது, "அதிகம் பேசினா திருகு ஆடிடுமாம்" என்றேன். பயந்து கையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஒவ்வொரு வாரமும் அவர் புதிதாக ஒன்று சொன்னார், நான் புதிதாக ஒன்று சொன்னேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் எனக்கொரு வார்த்தை வந்தால் நாளை எல்லாவற்றையும் நேராக்கிவிடலாம் என்று நினைப்பேன். வரவில்லை.

பல்செட் மாட்டும் நாள் வந்தது. டக்கென்று திருகின்மேல் உட்கார்ந்தது. பேச்சு சரியாக வருகிறதா என்று பார்க்க டாக்டரம்மா எழுபதிலிருந்து எண்ணச் சொன்னார். எழுபத்தேழு, எழுபத்தெட்டு என்று மணி மணியாக வந்தது. வெளியே வரவேற்பறையில் உட்கார்ந்ததும், "உன் போனைக் குடு" என்றார். நான் பையைத் துழாவுவதுபோல் நேரம் கடத்தினேன். அவரே எடுத்து ஸ்பீக்கரில் போட்டு மகனைக் கூப்பிட்டார்.

"அப்பாதான்டா பேசறேன். வாராவாரம் மன்னிப்புக் கேக்கறேன், ஒரு பதில் சொல்ல மாட்டேங்கறியே?"

"எப்பக் கேட்டீங்க?"

"அம்மாகிட்ட சொல்லி விட்டேனே."

அவன், "அம்மா இருக்காங்களா?" என்றான்.

"இருக்கேன்."

"அப்போ, அவர் கேக்கறார்னு நீங்க வாராவாரம் சொன்னதெல்லாம்?"

"நானா சொன்னதுதான்."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"அவர் என்னைத் திட்டினது ஒரு நாள். நீங்க பதினாறு வாரம் திட்டியிருக்கீங்க. இனிமே நான் அப்பா நம்பருக்கே பேசிக்கறேன்."

பிறந்ததிலிருந்து என்னை நீ என்றே கூப்பிட்டவன். அவன் கொடுத்த மரியாதை செருப்பால் அடித்ததுபோல் இருந்தது.

கணவர் கத்துவார் என்று பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. புரியாமல் என்னைப் பார்த்தார்.

"ஏன் இப்படிப் பண்ணே?"

"எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டீங்க. பால்காரர்கிட்டகூடக் கேட்டீங்க. என்கிட்டக் கேட்டீங்களா?"

அவருக்கு உண்மையாகவே ஆச்சரியம்.

"உன்கிட்டயா? விட்டுட்டுப் போனவங்ககிட்டதானே கேக்கணும். நீ எங்க போயிடப் போறே?"

ஓர் எழுத்துக்கூடச் சிதையவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். எங்கே போகலாம் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். அப்பா அம்மா இல்லை, கூடப் பிறந்தவர் இல்லை. போவதற்கு இந்த உலகத்தில் எனக்கு ஒரே ஒரு வீடுதான் இருந்தது, அதன் கதவை இப்போதுதான் என் வாயாலேயே சாத்தியிருந்தேன்.

வரவேற்புப் பெண் ஒரு டப்பாவும் சின்ன பிரஷும் கொண்டுவந்து கொடுத்து, செட்டைத் தினமும் கழற்றிக் கழுவ வேண்டும் என்றாள். அவர் அதை வாங்கி என் மடியில் வைத்தார்.

"பத்திரமா வச்சுக்கோ. நீதானே கழுவணும்."

வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.