எல்லார் பங்கும் இன்பமணிக்கு

ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்ததும் டாக்டர் கிளாடிசுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தூத்துக்குடியில் ஒரு இறால் கம்பெனி. விடியுமுன் குளிரூட்டிய கூடத்துக்குள் நுழைந்து பொழுது சாய்ந்த பிறகு வெளியே வரும் பெண்கள். வெயிலே படாத அவர்களுக்கு வைட்டமின் டி கொடுத்தால் எலும்பு வலி தீருமா என்பதுதான் அவளுடைய ஆய்வு. மேனேஜரிடம் கெஞ்சி, கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடம் மல்லுக்கட்டி, ஒருவழியாக மூன்று மாதம் பொடி கொடுத்தாயிற்று. வாரம் ஒரு பாக்கெட், பாலில் கலந்து குடிக்க வேண்டும். இப்போது பார்த்தால் அநேகம் பேருக்கு அளவு இம்மிகூட ஏறவில்லை. ஒருத்திக்கு மட்டும் ஏறவே கூடாத உயரத்துக்கு ஏறியிருந்தது.

“மெஷின் கோளாறா இருக்கும் மேடம்,” என்றாள் லேப் டெக்னீஷியன் இசக்கிசெல்வி.

“மெஷினைச் சொல்லாத. திரும்ப ஓட்டு.”

திரும்ப ஓட்டினாள். அதே எண்தான். பெயர் இன்பமணி, ஊர் கீழவைப்பார். கம்பெனிக்குப் போன் போட்டால், அந்தம்மா ஒரு வாரமாக வேலைக்கே வரவில்லை என்றார்கள். கிளாடிசுக்குத் திக்கென்றது. உடனே காரை எடுத்தாள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறுவதற்குள் பயம் மறுபடி எரிச்சலாகிவிட்டது.

வேலியோரம் கறவை மாடு கட்டிய வீடு. உள்ளே பாயில் சுருண்டு கிடந்தாள் இன்பமணி. கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர்க் குடம். எவ்வளவு குடித்தாலும் தாகம் அடங்கவில்லை, சோற்றைக் கண்டாலே வாந்தி என்றாள்.

“அக்கா, பொடியை எப்படிக் குடிச்சிய?”

“தெனம் ஒண்ணு.”

“வாரத்துக்கு ஒண்ணுன்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்னிய. நான் இல்லன்னா சொன்னேன்?”

“பொறவு?”

“வாரத்துக்கு ஒண்ணு நல்லதுன்னா, தெனம் குடிச்சா இன்னும் நல்லதுதான டாக்டரம்மா. மூட்டுவலிகூட கொறஞ்ச மாரிதான் இருந்துச்சு. இந்த வாந்திதான் எதுக்குன்னு தெரியல. ஒடம்புல தெம்பு இல்லன்னு கால்சியம் மாத்திரையும் சேத்துப் போடுதேன்.”

வாய்வரை வந்ததைக் கிளாடிஸ் விழுங்கிக்கொண்டாள். “இம்புட்டு பாக்கெட் ஏது ஒங்களுக்கு?”

“கூட வேலை பாக்குறவளுவ தந்தாளுவ. நான் ஒண்ணும் களவாங்கல.”

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னால், மாட்டுக்கு யார் தண்ணி வைப்பது என்று கேட்டாள். பக்கத்து வீட்டிலிருந்த அவள் நாத்தனாரிடம் கிளாடிஸ் சொல்லிவிட்டு வந்தால், சத்து மருந்து எப்படி ஆளுக்குக் கேடு செய்யும் என்று தொடங்கினாள்.

“பொடி கூடிப்போனதுல ரத்தத்துல கால்சியம் ஏறிக் கெடக்கு. இன்னும் கொஞ்ச நாள் விட்டா கிட்னி போயிரும். மிச்சத்தைக் கார்ல சொல்லுதேன், எந்திரிங்க.”

சலைன் ஏற ஏற, கால்சியம் மெல்ல இறங்கியது. சிறுநீரகம் தப்பியது. டாக்டரம்மா தந்த மருந்தைக் குடித்ததற்கு டாக்டரம்மாவே ஏசுகிறாள் என்று வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள் இன்பமணி. தேறிவிட்டாள் என்பதற்கு அதுவே போதுமாக இருந்தது.

மறுவாரம் கம்பெனியில் டீ இடைவேளைக்கு நேராகப் போய் நின்றாள் கிளாடிஸ். “பொடியை இன்பமணி அக்காவுக்குக் குடுத்தது யாரு?”

பாதிக்கு மேல் கைகள் உயர்ந்தன. எவருக்கும் கூச்சமே இல்லை.

“ஏன் குடுத்திய?”

“பால்ல கலக்கணும்னு சொன்னிய,” என்றாள் ரீனா என்ற இளம்பெண். “எங்க வீட்டுல பால் இல்லாத கட்டங்காப்பிதான். அக்கா வீட்டுலதான் மாடு நிக்கி.”

“தண்ணியில கலந்தாலும் போதும். ஒருத்தியாவது கேட்டிருக்கலாம்லா?”

“நீங்க சொல்லியிருக்கலாம்லா மேடம்.”

கிளாடிஸ் தன் குறிப்புத் தாளை எடுத்துப் பார்த்தாள். பாலில் என்றுதான் அவளே எழுதிக் கொடுத்திருந்தாள். வாரம் ஒன்று என்று சொன்னாளே தவிர, கூடினால் என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்று சாயங்காலம் நடந்ததை ஒளிக்காமல் எழுதி நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பினாள். அவர்கள் ஆய்வை நிறுத்தினார்கள். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க அனுமதி கிடைக்க ஒரு வருடம் போயிற்று.

இரண்டாம் முறை பொடியை யார் கையிலும் கொடுக்கவில்லை. வாரா வாரம் இசக்கிசெல்வி கம்பெனிக்கே போய், டம்ளரில் கலக்கி, எதிரிலேயே குடிக்க வைத்தாள். முதல் நாள் கிளாடிசும் வந்திருந்தாள். வரிசையில் முதல் ஆளாக இன்பமணி நின்றாள்.

“ஒங்களுக்குக் கெடையாதுக்கா.”

“ஏன், நான் என்ன செஞ்சேன்?”

கிளாடிஸ் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். “நாளைக்கு எலும்பு டாக்டர்ட்ட நானே கூட்டிட்டுப் போறேன். மூட்டுவலியை அவரு பாப்பாரு. இப்ப அங்கன போய் உக்காருங்க.”

முணுமுணுத்துக்கொண்டே பெஞ்சில் போய் உட்கார்ந்தாள் இன்பமணி. அங்கிருந்தபடி, “ஏளா ரீனா, அடியில தங்கிக் கெடக்கு பாரு, கலக்கிக் குடி,” என்றாள்.